விடுமுறை 14 நாள், கையில் நிற்பது 5 நாள்

ஜெர்மனியில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளின் டிசம்பர் பற்றி நம்மிடம் ஒரு படம் இருக்கிறது. பனி, கிறிஸ்துமஸ் சந்தை, தெருவெல்லாம் விளக்கு, கையில் ஆவி பறக்கும் கோப்பை, ரெண்டு வாரம் ஜாலி. படத்தில் தப்பில்லை. அந்தக் கோப்பைக்கு மூன்று, நான்கு யூரோ டெபாசிட் பிடித்துக்கொள்வார்கள் என்பதும், பல ஊர்களில் அந்தச் சந்தையே 23-ஆம் தேதியோடு மூட்டை கட்டிவிடும் என்பதும் மட்டும் படத்தில் தெரியாது.

என் கட்சி இதுதான்: அதை விடுமுறை என்று நினைப்பதிலிருந்துதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பிக்கிறது. பல்கலைக்கழக நாட்காட்டியில் அதற்குப் போட்டிருக்கும் சொல் 'ஃபோர்லேசுங்ஸ்ஃப்ரை'. வகுப்பு இல்லாத நாட்கள், அவ்வளவே. குளிர்கால செமஸ்டர் ஏட்டளவில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் பாதி வரை ஓடும். பத்து வாரம் பாடம் முடிந்த இடத்தில் இந்த இடைவெளி வருகிறது. திரும்பி வந்ததும் ஐந்து வாரம் பாடம், அதன் பின்னாலேயே பரீட்சை. நம் ஊர் அரையாண்டு லீவு பரீட்சை எழுதிவிட்டு வருவது. இது பரீட்சைக்கு முன்னால் வருவது. இரண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது.

வேறு மாதிரி வைக்க முடியாதா என்றால், முடியும். மன்ஹைம் பல்கலைக்கழகத்தில் செப்டம்பர் தொடக்கத்திலேயே வகுப்பு ஆரம்பித்து, டிசம்பரில் பரீட்சையை முடித்துவிடுகிறார்கள். அங்கே படிப்பவன் தலையில் எந்தப் பாரமும் இல்லாமல் வீட்டுக்குப் போகிறான். மற்றவர்கள் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போய், பிரிக்காமலே திரும்பக் கொண்டுவருகிறார்கள். என்னைக் கேட்டால் மன்ஹைம் செய்வதுதான் சரி.

இப்போது கணக்குக்கு வருவோம். 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 24 முதல் ஜனவரி 6 வரை 14 நாள். 24, 25, 26 மூன்றும் போச்சு. 31-உம் 1-உம் போச்சு. 27, 3 இரண்டும் ஞாயிறு; நூலகமும் இருக்காது, மனசும் இருக்காது. போக ஒரு நாள், வர ஒரு நாள். மிச்சம் 5. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க், சாக்சன்-அன்ஹால்ட் மூன்று மாநிலங்களிலும் ஜனவரி 6 அரசு விடுமுறை என்பதால் அங்கே 4 என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த ஐந்து நாளை நம்பித்தான் ஆறு பாடத்தையும் படித்துவிடலாம் என்று நவம்பரில் திட்டம் போடுகிறார்கள். ஒரு பாடம், அதுவும் ரொம்பப் பின்தங்கிய பாடம் ஒன்றை மட்டும் எடுத்தால் உருப்படும்.

எந்தப் பாடம் என்பதற்கு வாராந்தரப் பயிற்சித்தாளே பதில் சொல்லும். பல துறைகளில் மொத்தப் பயிற்சி மதிப்பெண்ணில் 50 சதவீதம் எடுத்தால்தான் பரீட்சை எழுதவே விடுவார்கள். 12 தாள், தாளுக்கு 20 என்றால் மொத்தம் 240, வேண்டியது 120. ஒன்பது தாள் முடிந்த நிலையில் 84 இருந்தால், மிச்ச மூன்றில் தாளுக்கு 12 எடுக்க வேண்டும். சிக்கல் இல்லை. 66 இருந்தால் தாளுக்கு 18. அப்போது கிறிஸ்துமஸ் வாரத்தில் தரும் தாள்தான் உங்கள் பண்டிகை. சில பேராசிரியர்கள் அந்தத் தாளில் கூடுதல் மதிப்பெண் கேள்வியும் வைப்பதுண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

பரீட்சைக்குப் பெயர் பதிவது தனி வேலை. வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே பரீட்சைப் பட்டியலில் பெயர் வந்துவிடாது. அந்தப் பதிவுக் காலம் சில துறைகளில் டிசம்பரிலேயே மூடிவிடும், சிலவற்றில் ஜனவரியில். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைக்கு இரண்டு தேதி இருக்கும். டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு மின்னஞ்சல் அனுப்பினால் 'ஜனவரியில் பதில் தருகிறோம்' என்ற தானியங்கிப் பதில்தான் வரும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு ஜெர்மனில் 'ஸ்விஷென் டென் யாரென்' என்று ஒரு பெயரே உண்டு: வருஷங்களுக்கு நடுவில். அந்த நடுவில் அலுவலகங்கள் கிடையாது.

சாப்பாடு. டிசம்பர் 24 அரசு விடுமுறை நாள் அல்ல. ஆனாலும் கடைகள் மதியம் 2 மணிக்கு மூடிவிட வேண்டும். நிறையக் கடைகள் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடும். 2026-இல் 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. அதாவது வியாழன் மதியம் முதல் திங்கள் காலை வரை ஊரே பூட்டு. மாணவர் உணவகமான மென்சாவும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் ஓரளவு கைகொடுக்கும், விலையையும் வரிசையையும் பொறுத்துக்கொண்டால். ஒரு ஆளுக்கு அந்த மூன்றரை நாளுக்கு இரண்டு லிட்டர் பால், பத்து முட்டைப் பெட்டி ஒன்று, ஒன்றரைக் கிலோ உருளைக்கிழங்கு, ஒரு ரொட்டி, கொஞ்சம் காய்கறி போதும். அரிசி பருப்பு எப்படியும் இருக்கும். வாங்க ஏற்ற நாள் 22 காலை. 23 சாயங்காலம் போனால் காலி பாட்டில் போடும் இயந்திரத்தின் முன்னாலேயே அரை மணி நேரம் நிற்பீர்கள், ஒரு பாட்டிலுக்குப் பிடித்த 25 சென்ட் டெபாசிட்டைத் திரும்ப வாங்க.

ஊருக்குப் போகிறவர்கள் அறையில் செய்யும் பெரிய தப்பு ஹீட்டரில்தான். காசு மிச்சம் என்று குமிழைக் கடைசி வரை திருகிப் பனித்துகள் குறியில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அந்தக் குறிக்கு அர்த்தம் 6 டிகிரி வாக்கில், குழாய் உறையாமல் இருக்க மட்டும். அறை அந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்றில் இருக்கிற ஈரம் வெளிச்சுவரில்தான் போய்ப் படியும், குறிப்பாக அலமாரிக்குப் பின்னால், காற்றோட்டம் இல்லாத மூலையில். திரும்பி வரும்போது கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அறை காலி செய்யும் நாளில் டெபாசிட்டில் கை வைப்பதற்கு அதுவே காரணமாகும்.

குமிழில் உள்ள எண்களுக்கு வெப்பநிலைக் கணக்கு உண்டு: 1 என்றால் சுமார் 12 டிகிரி, 2 என்றால் 16, 3 என்றால் 20, அப்புறம் நான்கு நான்காக ஏறும். ஊருக்குப் போகும்போது 1-க்கும் 2-க்கும் நடுவில் வைத்தால் போதும். திரும்பி வந்து உறைந்த அறையில் நின்றுகொண்டு 5-இல் வைத்தாலும் சீக்கிரம் சூடாகாது. அறை குளிர்ந்திருக்கும்போது 3-இலும் வால்வு முழுக்கத் திறந்துதான் இருக்கும். 5 என்பது எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறது, எவ்வளவு வேகம் என்பதை அல்ல. சன்னலும் அப்படித்தான். நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைப்பது வீண். சுவர் குளிர்ந்து பூஞ்சைக்கு வழி விடும். ஐந்து நிமிடம் முழுசாகத் திறந்து மூடுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. குக்கரில் மூன்று விசில் விட்ட பிறகும், துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டாலும் இன்னொரு முறை.

போகாமல் விடுதியிலேயே தங்குகிறவர்கள் சமையலறையைக் கவனியுங்கள். தாளிப்புப் புகை வந்தால் சன்னலைத் திறக்க வேண்டும், வராந்தாக் கதவை அல்ல. சமையலறையில் பல இடங்களில் இருப்பது சூடு உணரும் கருவி. புகை உணரும் கருவி இருப்பது வராந்தாவில். கதவைத் திறந்து புகையை வெளியே விட்டால் அது நேராகப் போய் அந்தக் கருவியில் மோதும். தீயணைப்பு நிலையத்தோடு இணைந்த கட்டிடமாக இருந்தால் வண்டியே வந்துவிடும், பில் உங்கள் தலையில் விழலாம்.

31 இரவுக்கு ரக்லெட் போடுவது அங்கே வழக்கம். மேசை நடுவே மின்சார அடுப்பு, அவரவர் குட்டித் தட்டில் சீஸை உருக்கி அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துக்கொள்வது. தலைக்கு 200 கிராம் சீஸ், 250 கிராம் கிழங்கு. எட்டு பேருக்கு 1.6 கிலோ, 2 கிலோ. சைவக்காரர்களும் சேர்ந்து உட்காரக்கூடிய சாப்பாடு என்பதால் எனக்கு இதன் மேல் மரியாதை. (சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி இருக்கலாம் என்பதைக் கண்டிப்பானவர்கள் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இதில் கோட்டை விடுவது மின்சாரத்தில். சுவர் பிளக்குகளுக்கு வரும் ஒரு லைன் 16 ஆம்பியர், 230 வோல்ட். பெருக்கினால் 3680 வாட். எட்டு பேர் என்று இரண்டு ரக்லெட் அடுப்பு வைத்தால் 1400 வீதம் 2800. அதே லைனில் யாராவது டீக்குக் கெட்டில் போட்டால் அது ஒரு 2200. மொத்தம் 5000. பிரேக்கர் விழும், சமையலறை இருட்டாகும், பிரேக்கர் பெட்டியோ பூட்டிய அறையில், சாவியோ லீவில் போன விடுதிப் பராமரிப்பாளரிடம். தண்ணீரைச் சமையல் அடுப்பில் வையுங்கள். அதற்குத் தனி லைன் இருக்கும். பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குச் சாவி சரி, அறைக்கும் பாருங்கள். அங்கே கதவுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது, வெறும் குமிழ். இழுத்துச் சாத்தினால் பூட்டிக்கொள்ளும். 25-ஆம் தேதி இரவு குப்பை போட வெளியே போய்ச் சாவியை உள்ளே விட்டுவிட்டால், பூட்டு திறக்க வருகிற ஆள் கேட்கும் தொகையில் ஒரு மாதச் சாப்பாடு போய்விடும். மாற்றுச் சாவியை ஊருக்குப் போகாத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே பேசி முடித்த பிறகு வரச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களிடம் ஓயாமல் உலவும் ஒரு தவறான நம்பிக்கை: கிறிஸ்துமஸ் அன்று வேலை பார்த்தால் சட்டப்படி 150 சதவீதம் கூடுதல் சம்பளம். அப்படிச் சட்டம் இல்லை. 24 மதியம் 2 மணிக்கு மேலும், 25, 26 இரண்டு நாளும், அடிப்படைச் சம்பளத்தில் 150 சதவீதம் வரை முதலாளி கூடுதலாகக் கொடுத்தால் அதற்கு வருமான வரி இல்லை என்பதுதான் சட்டம். 31 மதியம் 2 மணிக்கு மேல் 125. கொடுப்பதா வேண்டாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்ற சின்னப் பகுதிநேர வேலைக்குச் சம்பள வரம்பு மாதம் 603 யூரோ, அதாவது ஏறக்குறைய 43 மணி நேரம். டிசம்பர் பார்சல் சீசனில் 'இன்னும் ரெண்டு ஷிஃப்ட் வாப்பா' என்று கூப்பிடும்போது அந்த 43 நினைவில் இருக்கட்டும். நம் நாட்டு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பும் தனியாக உண்டு. டிசம்பரில் அந்தக் கணக்கில் எத்தனை மிச்சம் என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரயில் பயணம் பற்றிச் சுருக்கமாக. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு கால அட்டவணை மாறும்; நவம்பரில் போனில் சேமித்து வைத்த இணைப்பு 23-ஆம் தேதி இருக்காமல் போகலாம். மாணவர்கள் வைத்திருக்கும், நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் ரீஜனல் வண்டிகளுக்கு மட்டும். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு அதில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிவேக ஐசிஇ-யில் நான்கு. மலிவு ஐசிஇ டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். ஆனால் போய்ச் சேர 20 நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும், அடுத்த வண்டியில் ஏறலாம். 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120-க்கு 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

சென்னைக்கே பறக்கிறவர்கள் டிக்கெட் போடும் முன் குடியிருப்பு அட்டையின் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க மனு கொடுத்து, 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற தற்காலிகத் தாள் மட்டும் கையில் இருந்தால், அதன் உள்பக்கத்தில் எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்பதுதான் முக்கியம். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அட்டையோடு சேர்த்துக் காட்டி ஜெர்மனிக்குத் திரும்ப நுழையலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. விமான நிலைய கவுண்டரில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாத விஷயம் இது.

கடைசியாக, தங்கிவிடும் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் அங்கே தெருவில் கொண்டாடுவது அல்ல. நம் தீபாவளி மாதிரி பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் போகாது. 24 இருட்டியதும் ஒவ்வொரு குடும்பமும் கதவைச் சாத்திக்கொள்ளும்; பன்னிரண்டு அறை உள்ள மாடியில் ஒன்றில் மட்டும் விளக்கு எரியும். பெர்லினில் அந்த நாட்களில் எட்டேகால் மணிக்கு விடிந்து நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மார்கழியில் கோலம் போட எழும் நேரத்துக்கு அங்கே எழுந்தால் இன்னும் மூன்று மணி நேரம் ராத்திரி பாக்கி. பகல் பன்னிரண்டுக்கு ஒரு மணி நேரம் வெளியே நடப்பதைச் சாப்பாடு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே அடிக்கும் வெயிலில் உடம்பு வைட்டமின் டி தயாரிக்காது. வெயிலே படாத உடம்புக்கு நாளுக்கு 20 மைக்ரோகிராம் என்பது ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகத்தின் கணக்கு. மனசு ரொம்ப இறங்கினால் 0800 1110111 இலவசம், 24 மணி நேரமும் ஆள் எடுப்பார்கள். அவசரமில்லாத உடல்நலக் குறைவுக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112.

பல ஊர்களில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மாணவர் மன்றங்கள் 24 இரவு தங்கியிருப்பவர்களுக்காகச் சாப்பாடு போடுகின்றன. எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள், எத்தனை பேர் என்று கேட்பார்கள். டிசம்பர் நடுவுக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். வகுப்புத் தோழன் வீட்டுக்கு அழைத்தால் கூச்சப்படாமல் போங்கள். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு, ஒரு டப்பா முறுக்கோடு.