யாரைக் கேட்கிறாய், 'சேமிக்கவா?' என்று

இன்றைக்கும் ரிப்போர்ட் வரவில்லை. ராத்திரி தானாக ஓடி முடிய வேண்டிய எக்ஸெல் மேக்ரோ, அதாவது எக்ஸெலுக்குள் எழுதி வைத்த நிரல், சொன்ன நேரத்துக்குச் சரியாக ஆரம்பித்து, அடுத்த நிமிஷமே நின்றிருக்கிறது. பிழைச் செய்தி கிடையாது. ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, விடிய விடிய யாராவது பொத்தானை அழுத்துவார்கள் என்று காத்திருந்திருக்கிறது. அந்தப் பெட்டி திறந்தது எங்கே? கண்ணுக்கே தெரியாத விண்டோவில். ஆளில்லாத அறையில், அணைந்த திரைக்குப் பின்னால், மறைத்து வைத்த விண்டோவுக்குள் நின்று 'சேமிக்கவா?' என்று கேட்டால் யார் பதில் சொல்வது, பேயா?

காலையில் ரிப்போர்ட் கோப்பைத் திறந்தால் அடுத்த கூத்து. 'இந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருப்பதால் பூட்டப்பட்டிருக்கிறது.' யார் அந்த வேறொருவர் என்று பார்த்தால் என் பெயர். என் கோப்பை நானே பூட்டிக்கொண்டு எனக்கே தர மறுக்கிறேனாம். டாஸ்க் மேனேஜரில் போய் அந்த ஒளிந்திருந்த பிராசஸைக் கொன்ற பிறகுதான் 'நான்' வழிவிட்டேன்.

சரி, என்னதான் கேட்டது என்று பார்ப்போம் என்று விண்டோவைத் தெரிய வைத்து, எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். தரவு எடுக்கும் கோப்பைத் திறக்கிறது. ரீட் ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும்தான் திறக்கிறது, கவனியுங்கள். ஒரே ஒரு எண்ணைப் படிக்கிறது. எதிலும் எழுதவில்லை, எதையும் தொடவில்லை. க்ளோஸ் என்ற வரிக்கு வந்ததும் குதித்து வருகிறது: 'நீங்கள் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?'

என்ன மாற்றம்? யார் செய்த மாற்றம்? சரி, சேமித்துத்தான் பாரேன் என்று அழுத்தினால், 'இது ரீட் ஒன்லி, வேறு பெயரில் நகல் எடுங்கள்' என்கிறது. அப்படியென்றால் என்னை ஏனப்பா கேட்டாய்? சேமிக்க முடியாத ஒன்றைச் சேமிக்கவா என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் முடியாது என்பதா? ரத்து செய்தால் கோப்பு மூடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆக, மூன்று பொத்தானில் உருப்படியானது ஒன்றுதான். அது எது என்பது அதற்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறது.

காரணம் என்ன தெரியுமா? நேற்று எந்தப் புண்ணியவானோ அந்த ஷீட்டின் மூலையில் தேதி தெரியட்டும் என்று டுடே ஃபார்முலாவைப் போட்டிருக்கிறார். டுடே, நவ், ரேண்ட், ஆஃப்செட், இன்டைரக்ட் என்று ஒரு கூட்டம் உண்டு. கோப்பைத் திறந்த மாத்திரத்தில் இவை தானாகவே மறுபடி கணக்கிடப்படும். கணக்குப் போட்டது அது, 'நீங்கள் செய்த மாற்றங்கள்' என்று பழி நமக்கு. பழைய பதிப்பில் சேமித்த கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தாலும் இதே கதைதான்: திறந்ததும் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டுவிட்டு, மூடும்போது நம்மிடம் விசாரணை.

'டிஸ்ப்ளே அலர்ட்ஸை ஃபால்ஸ் பண்ணிவிடு, பெட்டியே வராது' என்று அறிவுரை சொல்லக் கிளம்பியிருப்பவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். அது கேள்விக்குப் பதில் சொல்லும் வரி இல்லை. வாயைப் பொத்திவிட்டு, பதிலையும் அதையே முடிவு செய்யச் சொல்லும் வரி. அது முடிவு செய்யும் லட்சணத்தைப் பாருங்கள். 'இதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றி எழுதவா?' என்று மனிதனிடம் கேட்கும்போது முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும் பதில் 'வேண்டாம்'. அலர்ட்ஸை அணைத்துவிட்டால் அதே கேள்விக்கு அதுவே சொல்லிக்கொள்ளும் பதில் 'ஆமாம்'. பழைய கோப்பு போயே போச்சு. அதே நிலையில் க்விட் சொன்னாலோ, சேமிக்காத எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறும். ஒரு இடத்தில் மேலேயே எழுதுகிறது, இன்னொரு இடத்தில் மொத்தத்தையும் எறிகிறது. எக்ஸெலுக்குள்ளிருந்தே மேக்ரோ ஓடினால் வேலை முடிந்ததும் அந்த அலர்ட்ஸ் தானாகவே ட்ரூ ஆகிவிடும், வெளியிலிருந்து வேறொரு நிரல் ஓட்டினால் ஆகாது. இதையும் நாம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கான வழி உண்டு, தெரியும். க்ளோஸ் வரியிலேயே சேவ்சேஞ்சஸ் ஃபால்ஸ் என்று சொல்லிவிட்டால் கேட்காது. இல்லையென்றால் கோப்பின் சேவ்டு என்ற பண்பை ட்ரூ ஆக்கலாம். இதுதான் எனக்குப் பிடித்தது. ஒன்றையுமே சேமிக்காமல் 'எல்லாம் சேமித்தாயிற்று' என்று முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறோம், அதுவும் 'அப்படியா, சரி' என்று போய்விடுகிறது. உண்மையைச் சொன்னால் நூறு கேள்வி, பொய் சொன்னால் மறுபேச்சில்லை.

அப்புறம் சேவ்ஆஸ், அதாவது வேறு பெயரில் சேமிப்பது. மேக்ரோ உள்ள கோப்பை மேக்ரோ இல்லாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையாகச் சேமிக்கப் போனால், பெயரின் கடைசியில் அப்படி எழுதினால் போதாதாம், அந்த வகையைக் குறிக்கும் 51 என்ற எண்ணையும் தர வேண்டும். மேக்ரோவோடு என்றால் 52. பழைய எக்ஸ்எல்எஸ் என்றால் 56. தராவிட்டால் 1004 என்ற பிழை. தந்தால், 'மேக்ரோ போய்விடுமே, பரவாயில்லையா?' என்று இன்னொரு பெட்டி. அதைத் தாண்டினால், எதையாவது பெரிதாகக் காப்பி செய்திருந்தோமோ தொலைந்தோம்: 'கிளிப்போர்டில் நிறைய இருக்கிறதே, வைத்திருக்கவா?' வேண்டாம் தாயே, போகவிடு.

இவ்வளவும் கேட்கிறவர்கள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார்களா? விஞ்ஞானிகள் மார்ச்1, செப்ட்1 என்று மரபணுப் பெயரைத் தட்டினால், ஒரு வார்த்தை கேட்காமல் தேதியாக மாற்றிவிடும். ஆராய்ச்சித் தரவெல்லாம் கெட்டு, கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் செப்ட்1ஐ செப்டின்1 என்றும் மாற்றிவிட்டதாக அறிவித்தது. இப்படித் தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதி 2023இல்தான் வந்தது. முதலில் மாறியது மரபணுவின் பெயர்தான், மென்பொருள் இல்லை!

ஆளில்லாமல் ஓட்டுவதைப் பரிந்துரைக்கவும் மாட்டோம், ஆதரிக்கவும் மாட்டோம் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்களாம். நல்லது. அப்படியானால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து 'வேண்டாம்', 'வேண்டாம்' என்று அழுத்த ஒரு ஆள் போட்டுவிடலாம்.

இதெல்லாம் கிடக்கட்டும். அந்த டுடே போட்ட புண்ணியவான் அதை ஒரு செல்லில் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நாலு செல்லை மெர்ஜ் பண்ணி ஒன்றாக்கி, நடுவில் நிறுத்தி, சிவப்பில் போட்டிருக்கிறார். இப்போது ஷீட்டை வரிசைப்படுத்தப் போனால் மெர்ஜ் செய்த செல்லெல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அடுத்த பெட்டி வருகிறது. செல்களை மெர்ஜ் பண்ணுகிறவர்களைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.