முகாமையாளரின் கடவுச்சொல்லில் ஓடும் முகவர்

சிறுபோக நெல்லுக்குப் பணம் கொடுத்த வாரத்தில், மட்டக்களப்பில் நான் கணினிப் பொறுப்பில் இருக்கும் நெல் கொள்வனவு அலுவலகத்துக்கு ஒரு வயோதிபர் மூன்று நாட்கள் தொடர்ந்து வந்தார். அவருக்குரிய பணம், அதே ஊரில் அதே முதலெழுத்தோடும் அதே பெயரோடும் இருக்கும் இன்னொருவரின் வங்கிக் கணக்குக்குப் போயிருந்தது. படுவான்கரையில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது புதினமல்ல. அதற்காகத்தான் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு ஆட்களைப் பிரித்து வைத்திருந்தோம். "இரட்டைப் பதிவுகளை ஒழுங்குபடுத்து" என்று யாரோ இட்ட ஒரு வரியைக் கேட்டு, எங்கள் அலுவலகத்தின் ஏஐ முகவர், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் மென்பொருள், அந்த இருவரையும் ஒருவராக்கிவிட்டது.

எனக்கு முகவரின் மேல் கோபமில்லை. விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதவென்று கொண்டுவந்த ஒன்றுக்கு, பெயர்ப் பதிவேட்டைத் திருத்தவும் அழிக்கவும் எதற்காக அனுமதி கொடுத்தார்கள்? தனிக் கணக்குத் திறக்க நேரம் எடுக்கும் என்று முகாமையாளரின் கடவுச்சொல்லையே கொடுத்து இணைத்துவிட்டார்கள். இப்போது பதிவுகளைப் புரட்டினால் எல்லா மாற்றத்தையும் முகாமையாளரே செய்ததாகக் காட்டுகிறது. எதை மனிதன் செய்தான், எதை முகவர் செய்தது என்று பிரித்தறிய வழியே இல்லை.

ஆபத்து மதிப்பீடு செய்யவில்லையா என்று கேட்டால், ஒரு தாளை நீட்டுகிறார்கள். மின்னஞ்சல் வாசிப்பது, ஆபத்துக் குறைவு. பதிவேட்டைப் பார்ப்பது, குறைவு. மின்னஞ்சல் அனுப்புவது, அதுவும் குறைவு. வெளியாரின் கடிதத்தை வாசிக்கவும், விவசாயிகளின் வங்கி இலக்கங்களைப் பார்க்கவும், வெளியே அனுப்பவும் ஒரே முகவரால் முடியுமென்றால், எவனோ அனுப்பும் கடிதத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு வரியே அதற்குக் கட்டளையாகிவிடும் என்பதை அந்தத் தாளில் ஒருவரும் எழுதவில்லை. மைக்ரோசொப்ட் 365 கோபைலட் என்ற ஏஐ உதவியாளரில் இப்படியொரு ஓட்டை இருந்தது 2025 யூனில் வெளியே வந்தது. பயனர் எதையும் அழுத்தாமலே, ஒரு மின்னஞ்சலைக் கொண்டு உள்ளே இருக்கும் தரவைக் கறந்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு எக்கோலீக் என்று பெயரும் வைத்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

"எதையும் அழிக்காதே என்று அறிவுறுத்தலில் எழுதித்தானே இருக்கிறோம்" என்று சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. அறிவுறுத்தல் என்பது வேண்டுகோள், பூட்டு அல்ல. அழிக்கும் கருவியையே கையில் கொடுக்காமல் விட்டால்தான் அது அழிக்காது.

உன்னிச்சைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன; வாய்க்காலில் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், குளத்து மதகைத் தன் விருப்பத்துக்குத் திறக்க அவருக்கு அதிகாரமில்லை. ஒரு முறைத் தண்ணீருக்காக மணிக்கணக்கில் வாதாடும் அதே ஆட்கள், முகவருக்கு எதைத் திறந்துவிடுகிறோம் என்று இரண்டு நிமிடமும் யோசிக்காமல் கையொப்பமிட்டார்கள்.

நான் கேட்பது புதுமையான எதுவுமல்ல. வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் எதற்கும் அனுமதி கொடுக்கக்கூடாது என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களான சோல்ட்சரும் ஷ்ரோடரும் 1975 இலேயே எழுதிவிட்டார்கள். முகவருக்கென்று தனிக் கணக்கு இருக்க வேண்டும். பதிவேட்டை அது பார்க்கலாம், தொடக்கூடாது. வங்கி இலக்கத்தில் மாற்றம் வேண்டுமானால் அது முன்மொழியட்டும், அடையாள அட்டையைப் பார்த்து ஓர் உத்தியோகத்தர் ஒப்புதல் கொடுக்கட்டும். மின்னஞ்சலை அது வரைந்து வைக்கட்டும், அனுப்புவதை நாங்கள் செய்கிறோம். போகம் முடிந்ததும் கொடுத்த அனுமதிகளைத் திரும்ப எடுத்து, தேவையானதை மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இவ்வளவையும் செய்து முடிக்க எனக்கு ஒரு நாள் போதும்.

அந்த வயோதிபருக்குப் பணம் 11ஆம் நாள்தான் கிடைத்தது. அதுவரை உழவு இயந்திரக் கூலியைக் கடனாகவே வைத்திருந்தார். இப்போது பெரும்போக விதைநெல் முற்பணக் கணக்குகளையும் அதே கடவுச்சொல்லின் கீழ் அந்த முகவரிடம் இணைத்திருக்கிறார்கள். என் கடிதம் மூன்றாவது வாரமாக முகாமையாளரின் மேசையில் கிடக்கிறது.