குனியச் சொல்லிக் கொடுத்தீங்க, குளிக்க யார் சொல்லிக் கொடுக்கிறது?

ஜப்பானுக்குப் படிக்கப் போற பிள்ளைங்களை அங்கே ஒரு குடும்பத்தோட வீட்டுலயே தங்குற ஹோம்ஸ்டேயில் சேர்த்துவிடுற ஏஜென்ட்டுகளே, ஓரியண்டேஷன்னு ஒரு நாள் முழுக்க உட்கார வச்சு என்னதான் சொல்லித் தர்றீங்க? வணக்கம் சொல்ல எத்தனை டிகிரி குனியணும், சாப்பிடுற குச்சியை எப்படிப் பிடிக்கணும், விசிட்டிங் கார்டை ரெண்டு கையால வாங்கணும். கடைசியில "போற இடத்துல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு ஒரு வரி. எதை அட்ஜஸ்ட் பண்ணணும்? அதுக்கு வாயே திறக்க மாட்டீங்க. அந்த வீட்டுக்காரங்களும் முகத்துக்கு நேரா எதையும் சொல்ல மாட்டாங்க. "பரவாயில்லை, பரவாயில்லை"ன்னு சிரிச்சுக்கிட்டே மனசுக்குள்ள சேர்த்து வைப்பாங்க. மூணு வாரம் கழிச்சு எல்லாம் மொத்தமாப் பள்ளி அலுவலகத்துக்குப் புகாராப் போகும். பிள்ளை அங்கே போய்த் திருதிருன்னு முழிக்கும்.

புகார் முதல்ல கிளம்புற இடம் குளியலறை. அந்த ஊர்ல குளியல் ராத்திரியில. தொட்டியில சுமார் 200 லிட்டர் தண்ணி, 40 முதல் 42 டிகிரி சூடு. வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் அதே தண்ணியிலதான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இறங்குவாங்க. தொட்டியில இறங்குறது அழுக்குப் போக இல்லை, உடம்பு சூடேற. சோப்பு, ஷாம்பு எல்லாம் தொட்டிக்கு வெளியே, சின்ன ஸ்டூல்ல உட்கார்ந்து, ஷவரிலோ சின்ன வாளியில மொண்டோ முடிக்கணும். நுரை ஒரு பொட்டு இல்லாம அலசின பிறகுதான் உள்ளே கால் வைக்கணும். துண்டு தண்ணியில படக்கூடாது, நீள முடியை உச்சியில கட்டிக்கணும். வெளியே வந்ததும் தொட்டி மூடியைப் போட்டு மூடணும். இல்லேன்னா சூடு இறங்கி, அடுத்தவருக்காக மறுபடி கேஸ் எரியும். சிலிண்டர்ல ஓடுற கிராமத்து வீடுகள்ல அந்த பில் நல்லாவே உறைக்கும்.

தொட்டித் தண்ணியை வடிய விடுற அடைப்பானை மட்டும் பிடுங்கவே கூடாது. நம்ம பிள்ளை என்ன நினைக்கும்? "நான் இறங்கின தண்ணியை அடுத்தவங்களுக்கு விட்டுட்டு வர்றதா?" நல்ல மனசோட பிடுங்கி விட்டுடும். துண்டோட காத்திருக்கிற தாத்தாவுக்குத் தண்ணி இல்லை. மறுநாள் அதே தண்ணியை ஒரு சின்ன பம்ப் வச்சு வாஷிங் மெஷினுக்கு எடுக்கிற வீடுகளும் உண்டு. அதுவும் போச்சு. ஒரு படத்தைக் காட்டி அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது!

அப்புறம் தேங்காய் எண்ணெய். இதை எந்த ஜப்பானியக் கையேட்டுலயும் எதிர்பார்க்க முடியாது, நீங்கதான் சொல்லணும். எண்ணெய்த் தலையோட தொட்டியில இறங்கினா தண்ணி மேல ஒரு படலம் மிதக்கும், அடுத்தவர் தோள்ல ஒட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சிடும். குளிர்காலத்துல வடிகால்ல வெள்ளையாப் படிஞ்சு, முடியோட சேர்ந்து அடைச்சுக்கும். தலையணை உறையில மஞ்சக் கறை தனி. எண்ணெய் வைக்கவே கூடாதுன்னு சொல்லலை. வச்சா, முதல்ல டிஷ்யூவால ஒற்றி எடு, ரெண்டு தடவை ஷாம்பு போடு, அன்னைக்கு ஷவரோட நிறுத்திக்கோ. தலையணை மேல பழைய துண்டு ஒண்ணை விரி. வடிகால் வலையில இருக்கிற முடியை நீயே எடுத்துக் குப்பையில போடு. பொரிச்ச எண்ணெயைச் சிங்க்ல ஊத்தாதே. அதுக்குன்னு ஒரு பொடி சூப்பர் மார்க்கெட்லயே கிடைக்கும். எண்ணெய் சூடா இருக்கும்போதே கலந்து ஆறவிட்டா கட்டியாகிடும், எரியும் குப்பையில, அதாவது எரிக்கிறதுக்குன்னு தனியாப் பிரிக்கிற குப்பையில போட்டுடலாம்.

சாப்பாட்டு விஷயத்துல நீங்க பண்றதைப் பார்த்தா வயிறு எரியுது. விண்ணப்பத்துல "வெஜிடேரியன்"னு டிக் அடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சுதா? அந்த வீட்டு அம்மா காய்கறியை மட்டும் போட்டு, பார்த்துப் பார்த்துச் சமைப்பாங்க. ஆனா மிசோங்கிற புளிக்க வச்ச சோயா விழுதுல செய்யுற சூப்புக்கு அடித்தண்ணி கட்சுவோ மீன் சீவலோ, நெத்திலி மாதிரி காய்ஞ்ச மீனோ போட்டு எடுத்தது. நூடுல்ஸ் சாறுலயும் அதேதான். ஜப்பானியக் குழம்பு வைக்கக் கடையில விக்கிற மசாலாக் கட்டிகள் பலதுல மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும். பாக்கெட்ல கட்டாயமா எழுத வேண்டிய ஒவ்வாமைப் பட்டியல்ல முட்டை, பால், கோதுமை, இறால், நண்டெல்லாம் உண்டு. மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் எழுதினா நல்லதுங்கிற பட்டியல்லதான் இருக்கு. பிள்ளை ஒரு நாள் இதைக் கண்டுபிடிச்சுத் தட்டைத் தள்ளி வைக்கும், அந்த அம்மா மனசு உடைஞ்சு போவாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லையே! இறைச்சி, மீன், மீன் சாறு, இறைச்சிக் கொழுப்பு, முட்டை, பால்னு தனித்தனியா ஜப்பானிய மொழியில எழுதி, சாப்பிடுவேன், மாட்டேன்னு குறி போட்டு, சேர்றதுக்கு முன்னாடியே அனுப்புங்க. கொம்புன்னு பேர் உள்ள கடல்பாசி, காய்ஞ்ச ஷிடாகே காளான் ரெண்டுலயும் நல்ல சாறு இறங்கும், அதையும் சேர்த்து எழுதுங்க. ராத்திரி வெளியில சாப்பிடப் போறதா இருந்தா முந்தின நாளே சொல்லணும், மிஞ்சிப் போனா அன்னைக்கு மதியத்துக்குள்ள.

குப்பை ஊருக்கு ஊர் மாறும். கியோட்டோவுல எரியும் குப்பைக்கு நகராட்சியோட மஞ்சள் பைதான். மத்த ஊர்ல கிழமை, பை, நேரம் எல்லாம் வேற. பிளாஸ்டிக் (PET) பாட்டிலுக்கு மூடியும் லேபிளும் கழட்டி, அலசி, நசுக்கிப் போடணும். தப்பாப் போட்டா ஸ்டிக்கர் ஒட்டிப் பையை அங்கேயே விட்டுட்டுப் போவாங்க. யார் வீட்டுப் பைன்னு தெருவுக்கே தெரியும். தலைகுனிவு அந்த வீட்டு அம்மாவுக்கு.

கழிவறைச் செருப்பு கழிவறைக்குள்ளேயே இருக்கணும், தரையில பதிச்சிருக்கிற தத்தாமிப் பாய் மேல எந்தச் செருப்பும் ஏறக்கூடாது. இதையாவது எல்லாரும் சொல்றாங்க. போன் பேசுறதைப் பத்தி யாரும் சொல்றதில்லை. சென்னையில ராத்திரி 9 மணின்னா அங்கே 12.30. வேலை முடிஞ்சு சாவகாசமா வீடியோ கால் போடுற அப்பா அம்மாவுக்கும் இது புரியணும். மரவீட்டுச் சுவர்ல சத்தம் நிக்காது. நம்ம ஊர்ல சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பேசி முடிங்க, அங்கே அப்போ 9.30 ஆகியிருக்கும்.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்காரங்களையும் விடுறதா இல்லை. மூணு வாரப் புகாரை மொத்தமாக் கட்டி வந்து பிள்ளை தலையில போடுறதுக்குப் பதிலா, சேர்ந்த முதல் ராத்திரியே வீட்டுக்காரங்களையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைங்க. யாருக்கு அப்புறம் யார் குளிக்கிறது, காலையில ஷவர் எடுக்கலாமா, வாஷிங் மெஷின் எந்தக் கிழமை, அடுப்பைத் தொடலாமா, கடுகு தாளிக்கும்போது எந்த விசிறியைப் போடணும், கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி வாங்குங்க. அரை மணி நேர வேலை.