புத்தருக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு

“புத்தர் என்று ஒருவர் வாழவே இல்லை, அவர் பெயரில் பழைய கல்வெட்டு ஒன்றுகூடக் கிடையாது” என்கிற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

நேபாளத்தின் லும்பினியில் அசோகர் நட்ட தூண், 1896இல் அடையாளம் காணப்பட்டது, இன்றும் அங்கேயே நிற்கிறது. பட்டமேறிய 20ஆம் ஆண்டில் மன்னர் நேரில் வந்து வழிபட்டதையும், “சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார்” என்பதையும் அதில் பிராமி என்னும் பழைய எழுத்தில் பொறித்த வாசகம் சொல்கிறது. அந்த ஊருக்குப் பலி என்னும் வரியையும் அசோகர் நீக்கினார். வெறும் புராணக் கதைக்கு இவ்வளவு துல்லியமான அரசாணை பிறப்பது அரிது என்றே நினைக்கிறேன்.

புத்தர் காலத்துக் கல்வெட்டு கிடைக்கவில்லை என்பது மெய். தூண் அவருக்குப் பல தலைமுறை பிந்தியது. அவர் மறைந்த ஆண்டிலும் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் வாழ்ந்தார் என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ட்ஷ் 1925இல் பதிப்பித்த அசோகர் கல்வெட்டுத் தொகுதியில் மூல வரிகளைப் பார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.