அந்தச் சிவப்பு விளக்கு என்னதான் சொல்ல வருகிறது?

"ஒரே பட்டன், அழுத்தினால் போதும்" என்று சொல்லி விற்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பழைய எல்பி ரெக்கார்டுகளை, அதாவது பெரிய இசைத்தட்டுகளை, நேராகப் பென் டிரைவில் ஏற்றித் தரும் டர்ன்டேபிள் என்கிற தட்டு சுழற்றும் மிஷின்களைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டரே தேவையில்லையாம். தட்டை வை, முள்ளை இறக்கு, பட்டனை அழுத்து, வேலை முடிந்தது. அட்டைப்பெட்டியில் இருக்கும் படத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே நிற்கிறார். அவர் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் வம்பு பென் டிரைவிலேயே ஆரம்பிக்கிறது. இன்றைக்கு வாங்குகிற 64 ஜிபி டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் ஃபார்மட் ஆகி வரும். நான் வாங்கிய இந்த மிஷினுக்கோ ஃபேட்32 என்கிற பழைய முறை மட்டும்தான் தெரியும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் இல்லையா? சொல்லாது. சிவப்பு விளக்கு சிமிட்டும், அவ்வளவுதான். டிரைவ் சரியாகச் செருகவில்லை என்றாலும் அதே சிமிட்டல், டிரைவில் இடமில்லை என்றாலும் அதே சிமிட்டல், ரெக்கார்டிங் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தாலும் அதே சிமிட்டல்! கொஞ்சம் வேகமாகச் சிமிட்டினால் ஒரு பொருள், மெதுவாகச் சிமிட்டினால் வேறு பொருள் என்று விளக்கத்தாளின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எது வேகம், எது மெதுவு? கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்க வேண்டுமா?

இதில் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? எல்பியின் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். சிடியை நகலெடுப்பதுபோல வேகமாக முடிக்க வழியே கிடையாது. பாட்டு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் முள்ளைத் தூக்கிவிட்டு, பட்டனை அழுத்தி நிறுத்தி, டிரைவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கோப்பின் அளவு பூஜ்யம்! நிறுத்திய பிறகும் அது உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருக்கிறதாம். விளக்கு அடங்குவதற்கு முன்னால் டிரைவை உருவினால் கோப்பு முடிவு பெறாது, உள்ளே ஏறிய பாட்டும் கைக்கு வராது. சரி, "எழுதுகிறேன், பொறு" என்று காட்ட இரண்டாவதாக ஒரு பச்சை விளக்கு வைத்திருந்தால் கம்பெனி குடியா முழுகியிருக்கும்?

கோப்பு நல்லபடியாக வந்தாலும் நிம்மதி இல்லை. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க இந்த மிஷினில் ஒரு திருகுகூட இல்லை. அவர்களே ஓர் அளவை வைத்து மூடிவிட்டார்கள். சத்தமாகப் பதிக்கப்பட்ட ரெக்கார்டாக இருந்தால், பாடகர் உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் கரகரவென்று உடைகிறது. கம்ப்யூட்டரில் அந்த ஒலியலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், மேடுகளின் தலையையெல்லாம் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருக்கும். கிளிப்பிங் என்பார்கள். சீவிப் போனதை எந்த மென்பொருளாலும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினாலும் அதே அளவு, அதே உடைசல்.

அப்புறம் பாட்டுகளைத் தானாகவே பிரித்துத் தருகிற வசதி. அமைதியான இடம் வந்தால் அங்கே ஒரு பாட்டு முடிந்தது என்று கணக்கு. ஆலாபனையில் பாடகர் ஒரு நொடி மூச்சு வாங்கினால் அங்கே வெட்டு! ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவே தூசி வெடவெடவென்று பொரிந்தால், அது அமைதி இல்லையாம், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோப்பாக வருகிறது. வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாது, வெட்டக் கூடாத இடத்தில் கத்தியோடு நிற்கும். பெயர்களோ ட்ராக்001, ட்ராக்002. மிஷினுக்குள் கடிகாரம் இல்லாததால் கோப்பின் தேதி 1980 ஜனவரி 1 என்று நிற்கிறது. ஃபேட் முறையின் நாட்காட்டி அந்த நாளில்தான் தொடங்குகிறது. பென் டிரைவையே யாரும் கண்டிராத காலத்தில் நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன் பாருங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளின் வேகத்துக்கும் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த 78 தட்டுகளில் முள் ஓடும் பள்ளம் எல்பியின் பள்ளத்தைவிட ரொம்பவே அகலம். அதற்கென்று தடித்த முள் வேண்டும். பெட்டியோடு வருவது எல்பி முள் மட்டுமே. அது பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கைச் சுரண்டுகிறது, பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் ஏறுகிறது. ஸ்விட்ச் கொடுக்கத் தெரிந்தவனுக்கு "முள் தனியாக வாங்கிக்கொள்" என்று ஒரு வரி அச்சடிக்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசாமல் கம்ப்யூட்டரில் இணைத்து ஆடாசிட்டியில் பதிவு செய்ய வேண்டியதுதானே?" என்று அறிவுரை சொல்ல வருவார்கள். தெரியும். அந்த மென்பொருள் இலவசம். அதில் ஒலி அளவு கண்ணுக்குத் தெரியும், வெட்ட வேண்டிய இடத்தை நானே பார்த்து வெட்டலாம், எம்பி3 ஆக நசுக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லித்தானே இதை என் தலையில் கட்டினார்கள்? பென் டிரைவ் செருகுகிற அந்த ஓட்டைக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கினார்கள்? இரண்டு வரி எழுத்து தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை வையுங்களய்யா. மலிவான கால்குலேட்டரில்கூட இருக்கிறது.