கேமரா சந்தேகப்படவில்லை, நாம்தான் சந்தேகப்பட்டோம்

நம் அடுக்ககத்தில் பி பிளாக் கீழே நின்ற இஸ்திரி அண்ணனைக் கேமரா மென்பொருள் படம் பிடித்து அனுப்ப, அது 'சந்தேக நபர்' என்று குழுவில் சுற்றிய விவகாரத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் "சிஸ்டம்தான் காட்டிக்கொடுத்தது, நாங்கள் யாரையும் குற்றம் சொல்லவில்லை" என்று இன்று காலையும் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சிஸ்டம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை ஐயா. அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்: படத்தில் ஒரு மனித உருவம் இருக்கிறது, நாம் கோடு போட்டுக் கொடுத்த இடத்துக்குள் நிற்கிறது, நாம் குறித்த நேரம் தாண்டியும் அதைவிட்டு வெளியேறவில்லை. உடனே உருவத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம், செயலாளரின் கைப்பேசிக்கு ஒரு படம். கோடு போட்டது யார்? நேரம் குறித்தது யார்? அந்தப் படத்துக்குக் கீழே 'சந்தேக நபர்' என்று தட்டச்சு செய்தது யார்?

இஸ்திரி போடுகிற அண்ணன் துணி மூட்டையோடு அங்கே ஏன் நின்றார்? லிஃப்டில் ஏறக் கூடாது என்று நாம் விதி போட்டிருக்கிறோம். மேலிருந்து ஆள் இறங்கி வரும்வரை அவர் நிற்கத்தானே வேண்டும்? நிற்க வைத்ததும் நாம், நின்றதைப் படம் பிடித்ததும் நாம். அதே இடத்தில் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் போனில் பேசியபடி குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். அவர் மீதும் கட்டம் விழுந்திருக்கும். அந்தப் படம் ஏன் குழுவுக்கு வரவில்லை?

"திருட்டுப் போனால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா?" என்பார்கள். சைக்கிள் காணாமல் போனது உண்மைதான். கேமராவே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நள்ளிரவில் யாராவது சுவர் ஏறினால் அது கூவட்டும். ஆனால் அந்தக் கூவலுக்கு 'போய்ப் பார்' என்று மட்டும்தான் பொருள்.

"தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, உங்களுக்குத்தான் புரியவில்லை" என்பவர்களுக்கு: 2025 அக்டோபரில் அமெரிக்காவின் பால்டிமோர் கவுண்டியில், சிப்ஸ் பாக்கெட்டைத் துப்பாக்கி என்று ஒரு கேமரா மென்பொருள் எச்சரித்தது. பள்ளிப் பாதுகாப்புப் பிரிவு அந்த எச்சரிக்கையை ரத்து செய்திருந்தது. அப்படியும் போலீஸ் வந்து 16 வயது மாணவனை மண்டியிட வைத்து விலங்கு மாட்டியது. அது அமெரிக்கா என்கிறீர்களா? முக ஒப்பீட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருந்தால் சரியான பொருத்தமாகக் கொள்கிறோம் என்று டெல்லி காவல்துறை 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொல்லியிருக்கிறது. அந்த 80ஐத் தாண்டியும் தவறாகப் பொருந்தியது உங்கள் முகமாக இருந்தால் தெரியும்.

என் அப்பா ஊரிலிருந்து வந்த அன்று போனில் சார்ஜ் இல்லாமல் இதே பி பிளாக் கீழே வெகுநேரம் நின்றார். அழுக்கு வேட்டி, கையில் மஞ்சள் பை. அப்போது இந்த மென்பொருள் இல்லை. வாட்ச்மேன்தான் அருகில் போய் "யாரைப் பார்க்கணும் பெரியவரே?" என்று கேட்டார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அந்த வாட்ச்மேனைத்தான் 'செலவைக் குறைக்க' நிறுத்தினோம். இப்போது வந்திருந்தால் அப்பாவின் படம் குழுவில் சுற்றியிருக்கும், நானே அதைத் திறந்து பார்த்திருப்பேன்.

"உங்களுக்கு மட்டும்தான் மனிதாபிமானம் இருக்கிறதா?" என்று கேட்ட ஏ பிளாக் நண்பரே, இல்லை. உங்களுக்கும் நிறைய இருக்கிறது. தெருநாய்களுக்குச் சோறு வைக்க இடம் ஒதுக்கச் சொல்லி நீங்கள் எழுதிய நீண்ட பதிவைப் படித்து நெகிழ்ந்தவன் நான். இத்தனை வருடம் உங்கள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவரின் பெயர் என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

நேற்றிலிருந்து அவர் உள்ளே வருவதில்லை. கேட்டுக்கு வெளியே தெருவில் நிற்கிறார். துணி வாங்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று குழுவில் புகார் வந்திருக்கிறது. சிஸ்டம் பதில் சொல்லட்டும்.