"அப்டேட்ல வந்துடும் சார்"

வாங்கும் பொருளில் ஒரு வசதி இன்னும் இல்லையே என்று கேட்டதற்குக் கடைக்காரர் இதைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு கார்டை நீட்டுகிறோம். கையில காசு வாயில தோசை என்பது டிபன் கடைக்குத்தான் பொருந்தும் போல. இங்கே காசு இன்றைக்கு, தோசை அடுத்த வருஷம். மாவு அரைத்தாகிவிட்டதா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

5ஜி போன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2020-லேயே விற்கத் தொடங்கிவிட்டார்கள். நெட்வொர்க் தொடங்கியது 2022 அக்டோபர் 1. அன்றைக்கும் பல போன்களில் 4ஜிதான் காட்டியது, கம்பெனி அப்டேட் அனுப்பவில்லை என்பதால். 2020 அக்டோபரில் அறிமுகமான ஐபோன் 12-க்கு 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான் இங்கே 5ஜி வேலை செய்தது. இரண்டு வருஷத்துக்கு மேல், 5ஜி சிக்னலைப் பிடிக்கும் மோடம் உள்ளே சும்மா கிடந்தது.

இவர்களாவது பரவாயில்லை, பாகம் உள்ளே இருந்தது. பாகமே இல்லாதவர்கள் கதை வேறு. ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனியாக நிற்கும் ஸ்டாண்ட்அலோன் (எஸ்ஏ) முறையில் இயங்குகிறது. முக்கியமாக என்28, என்78 பேண்டுகள், அதாவது அலைவரிசைகள். என்78 என்பது 3300 மெகாஹெர்ட்ஸ்: வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். வீட்டுக்குள் எட்டுவது 700 மெகாஹெர்ட்ஸில் வரும் என்28. ஆரம்பகால 5ஜி போன்கள் சிலவற்றில் ஒரே ஒரு பேண்டு, இரண்டு பேண்டுதான். ஒரு பேண்டுக்கான ஃபில்டரும் ஆன்டெனாவும் போர்டில் இல்லையென்றால் எந்த அப்டேட்டும் அதைக் கொண்டுவராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 5ஜி என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. ஸ்பெக் பக்கத்தில் பேண்டு பட்டியலும், எஸ்ஏ, 4ஜியைச் சார்ந்து ஓடும் என்எஸ்ஏ இரண்டும் உண்டா என்பதும் பார்க்க வேண்டும்.

நம் கிருஷ்ணகிரியில் தயாராகும் ஓலா எஸ்1 ஸ்கூட்டர் அறிமுகமானது 2021 ஆகஸ்ட் 15. டிசம்பரில் டெலிவரி தொடங்கியபோது க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன், ஹில் ஹோல்ட் எதுவும் வேலை செய்யவில்லை. முதல் இரண்டும் 2022 நடுவில் ஓலாவின் மென்பொருளான மூவ்ஓஎஸ் 2-ல் வந்தன. மேட்டில் நிற்கும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட், அந்த வருஷக் கடைசியில் மூவ்ஓஎஸ் 3-ல். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதுவரை மேம்பால ஏற்றத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இஎம்ஐயை மட்டும் முழுசாகத்தான் கட்டினார்.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் ஆப்பிள் மேடையில் காட்டிய புது சிரியை (குரல் உதவியாளர்) வைத்து ஐபோன் 16-க்கு விளம்பரமே ஓடியது. 2025 மார்ச்சில் தாமதமாகும் என்று அறிவித்து விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். டெஸ்லா 2016 அக்டோபரில், இனி வரும் எல்லாக் கார்களிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கான ஹார்டுவேர் உண்டு என்றது. அதற்குப் பின் மாற்றிய ஹார்டுவேர் 3 கம்ப்யூட்டருக்கும், தானியங்கி வசதியைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் கார்களில் மாற்று வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சல் தருவது "7 வருட அப்டேட்" கணக்கு. அந்த 7 வருஷம் நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது. பிக்ஸல் 8 வந்தது 2023 அக்டோபர். 2030 அக்டோபரோடு முடிகிறது. 2025 தீபாவளி ஆஃபரில் வாங்கியவருக்கு மிச்சம் 5 வருஷம். பட்ஜெட் போனில் இது இன்னும் மோசம். இரண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், மூன்று வருட செக்யூரிட்டி பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்) என்று சொல்லி விற்ற மாடலை, வெளிவந்து 18 மாதம் கழித்து "அதிரடித் தள்ளுபடி" என்று தள்ளிவிடும்போது பாதி ஆயுள் போயே போச்சு. தள்ளுபடி ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

வாங்கும் முன் மாடலின் வெளியீட்டு மாதத்தைத் தேடிப் பிடியுங்கள், அதிலிருந்து எண்ணுங்கள். கடையில் டெமோ பீஸை வாங்கி செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' போய் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். நாலைந்து மாதம் பழையதாக இருந்தால், கடைக்காரர் அப்டேட் போடாமல் வைத்திருக்கிறாரா, கம்பெனியே அனுப்பவில்லையா என்று கேளுங்கள். அங்கேயே 'செக் ஃபார் அப்டேட்' அழுத்தினால் தெரிந்துவிடும். 4 ஜிபி ரேம், இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ் உள்ள போனுக்குப் பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தாலும் பெரும்பாலும் தண்டனைதான். அதைவிட வேகமான யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, இயங்குதள அப்டேட்டுக்கான 5 ஆண்டுகளை மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. எண்ணத் தொடங்கும் நாளை மாற்றினாலே தள்ளுபடித் தந்திரம் பாதி செத்துவிடும்.

இங்கே நம்மிடம் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறான விளம்பரம் அதில் வருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் சொல்லுங்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே போய் "சொன்னாங்க சார்" என்றால் எடுபடாது. ஆர்டர் போடும் அன்றைக்கே தயாரிப்புப் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இருப்பதையும் சேர்த்து. தேதியும் இணைய முகவரியும் தெரிய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் "விரைவில்" என்ற வார்த்தையே இருக்காது.